டயாலிசிஸ் வேண்டாம் என்றவர்: காசிமேட்டுக் குடும்பம் ஒன்றின் ஏழு மாதங்கள்

"மேடம், அவரு தூங்கறப்போ கூட்டினு போய் மெஷின்ல போட்டுட முடியுமா?"

மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஏப்ரல் கடைசி, மதியம் இரண்டரை மணி இருக்கும். எம்.சி. ரோடு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறார். சாப்பாட்டு இடைவேளையில் கடை அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஓடி வந்திருந்தார். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமல் மடியில் இருந்தது. ஒரு மணி நேரம் பேசிவிட்டு அதைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

வடசென்னையில் வீடு வீடாகப் போய், தீராத நோயின் வேதனையைக் குறைக்க உதவும் ஒரு சிறிய நோய்த்தணிப்பு அணியில் நான் சமூகப் பணியாளர். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர் எதுவும் இல்லை. பெரியவர், அவர் மகள், மகளின் தம்பி, அம்மா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பின்னணி

பெரியவருக்கு 64 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பாடி வண்டிக்காரர். மிதிக்கிற வண்டியில் ஆரம்பித்து, அப்புறம் பழைய இன்ஜின் பூட்டிய வண்டிக்கு வந்தவர். விடிவதற்கு முன்னால் ஏலம் முடிந்ததும் ஐஸ் போட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கல்மண்டபம், சிந்தாதிரிப்பேட்டை என்று இறக்கிவிட்டு வருவார். சர்க்கரை வந்து 17 வருடம். பிரஷர் எப்போது வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. முதுகு வலி, முட்டி வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை வாரத்துக்கு நாலைந்து, அதுவும் வருடக்கணக்காக. சர்க்கரையும் பிரஷரும் பாதி தின்ற கிட்னியை வலி மாத்திரை மீதியும் தின்னும். சுமை தூக்கிப் பிழைக்கிறவர்கள் இருக்கும் தெருக்களில் இந்தக் கதையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரியில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு இரைத்தது. ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் கிரியாட்டினின் 7.8. நல்ல கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவு வடிகட்டும். இவருக்கு அந்தத் திறன் நூற்றில் பத்துகூட இல்லை. கையில் ரத்தக் குழாய் இரண்டைச் சேர்த்துத் தைக்கும் ஃபிஸ்டுலா ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், அது பழுக்க ஒன்றரை மாதமாவது ஆகும், அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்றார் மருத்துவர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் டயாலிசிஸுக்குக் கைக்காசு தர வேண்டியதில்லை. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை போய்விடும் என்றுதான் மறுக்கிறார் என்று வீட்டில் முதலில் நினைத்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வண்டிக்கும் பாதி வேலை இருக்காது. அந்தச் சமயத்தில் ஆரம்பித்துவிடலாம் என்று மகள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். தடைக்காலமும் வந்தது, வண்டியும் வீட்டு வாசலில் நின்றது. அவர் அப்போதும் வேண்டாம் என்றார். சம்பாத்தியம் காரணம் இல்லை என்று அந்த வாரம்தான் தெரிந்தது. அந்த வாரம்தான் மகளும் என்னிடம் வந்தார்.

வீட்டுக்குள் போலீஸ்

குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி, ஒரு ஹால், ஒரு சமையலறை. நான் முதலில் போனபோது தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் கோடு போட்ட பாட்டில் ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான், அதிகமானால் தண்ணீர் உடம்பில் கோத்துக்கொள்ளும். காலையில் மகள் நிரப்பிவிட்டுப் போவார், ராத்திரி வந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். பெரியவர் அந்தப் பாட்டிலைத் தொடாமல் கீழே டீக்கடையில் குடித்துவிட்டு வருவார். அது மகளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அம்மா வேறு வழி பிடித்திருந்தார். மாத்திரைகளை நசுக்கிக் குழம்பில் கலந்துவிட்டார். பெரியவர் மூன்றாம் நாள் கண்டுபிடித்தார். கசந்ததாம். அதன்பின் இரண்டு நாள் வீட்டுச் சாப்பாட்டைத் தொடவில்லை, கையேந்தி பவனில் சாப்பிட்டார். உப்பும் எண்ணெயுமான அந்தச் சாப்பாடு கிட்னி கெட்டவருக்கு நல்லதில்லை. ரகசியமாக மருந்து கொடுத்து மாட்டிக்கொண்டால் மருந்தோடு சேர்ந்து சோற்றின் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. இதை நான் மூன்று நாலு வீடுகளில் பார்த்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வாழைத்தண்டு ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். கிட்னிக்கு வாழைத்தண்டு என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தானே. அந்த வைத்தியம் கிட்னியில் கல் இருப்பவருக்காகச் சொல்லப்படுவது. கிட்னியே செயலிழந்தவருக்கு அதில் இருக்கும் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். இளநீரும் அப்படித்தான். இதைச் சொன்னபோது அந்த நல்ல மனிதர் முகம் வாடிப்போயிற்று. வேறு ஏதாவது செய்ய விரும்பினார். தினமும் சாயங்காலம் கேரம் ஆடக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அது பின்னால் பெரிய உதவியாக ஆனது.

இதற்கு நடுவில் போன். சித்தப்பா, அத்தை, அத்தையின் மருமகன் என்று ஆளாளுக்கு. "நீ சொல்ற விதமா சொன்னா கேப்பாரு." மகளை அதிகம் நோகடித்தது இந்த ஒரு வாக்கியம்தான். அவர் மறுப்பது இவருக்குச் சொல்லத் தெரியாததால்தான் என்று ஆகிவிடுகிறது அல்லவா? ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி மாதம் ஒரு முறை வந்து, அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நான் முதலில் சொன்னது சிகிச்சையைப் பற்றி இல்லை. டயாலிசிஸ் பேச்சை வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், ஒரே ஒரு தடவை மட்டும் எடுங்கள் என்றேன். மற்ற ஆறு நாளும் அந்த வார்த்தையே வீட்டில் வரக் கூடாது. பாட்டிலையும் எடுத்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் போன் செய்தால் எடுப்பது தம்பியின் வேலை.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ ஆறு நாளும் சும்மா பாத்துகினே இருக்கணுமா? நீங்களே கைய உட்டுட்டா எப்படி?"

நியாயமான கேள்விதான். வாரம் முழுக்க கேட்டு வாரம் முழுக்க இல்லை என்ற பதில் வாங்குவதற்கு ஒரு தடவை கேட்டு ஒரு பதில் வாங்குவது எவ்வளவோ மேல் என்று மட்டும் சொன்னேன். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை. ஆனால் செய்தார்.

மறுப்பு எதற்கு

மூன்றாவது முறை போனபோது பெரியவர் வீட்டில் இல்லை. பிளாக்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட கேரம் கிளப்பில் இருந்தார். பலகைக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் பல்ப், போரிக் பவுடர் வாசனை, நாலைந்து பையன்கள். பெரியவர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து, மூச்சை அடக்கி, சுண்டினார். ரெட் விழுந்தது. அடுத்து ஒரு வெள்ளையும் விழுந்தது. பையன்கள் "தாத்தா!" என்று கத்தினார்கள்.

அவர் சுண்டியது இடது கையால்.

வீட்டுக்கு வந்ததும் நோயாளி நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'இடது கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது' என்று எழுதியிருந்தது. பொதுவாக ஃபிஸ்டுலாவை அதிகம் பயன்படுத்தாத கையில்தான் வைப்பார்கள். பெரும்பாலானோருக்கு அது இடது கை. இவரிடம் எந்தக் கைக்காரர் என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. "பீச்சாங்கைக்காரன்னு சொன்னா சிரிப்பாங்கம்மா" என்றார். ஆபரேஷன் செய்தால் அந்தக் கையால் கனம் தூக்க முடியாது, கேரமும் போச்சு என்று முடிவு கட்டி வைத்திருந்தார்.

பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் சந்தோஷப்பட்டேன். மருத்துவரிடம் பேசி, வலது கையில் செய்யலாம், குழாய் நன்றாக இருக்கிறது என்று ஒரே வாரத்தில் உறுதி வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் அதைச் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். "கைப் பிரச்சனை தீந்துச்சு. மெஷின் பிரச்சனை அப்டியே கீது."

அடுத்தது மச்சான் கதை. அம்மாவின் தம்பி, இதே நோய். கடைசி நிமிடத்தில் மூச்சுத் திணறலோடு அள்ளிக்கொண்டு போய், கழுத்தில் டியூப் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். பதினோராம் நாள் இறந்துபோனார். 'மெஷினில் போட்டால் திரும்ப வர மாட்டார்கள்' என்ற பேச்சு வடசென்னையில் பல வீடுகளில் உண்டு, அதற்குப் பின்னால் இப்படி ஒரு மச்சானும் உண்டு. மெஷின் கொல்லவில்லை, மூழ்கிக்கொண்டிருந்தவரைத் தாமதமாக மெஷினுக்குக் கொண்டுபோனார்கள், அவசரத்தில் போடும் கழுத்து டியூபில் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும், அதற்காகத்தான் முன்கூட்டியே ஃபிஸ்டுலா போடச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஒத்துக்கொள்ளவும் செய்தார். ஆனாலும் வேண்டாம்தான்.

ஜூன் நடுவில், தடைக்காலம் முடிந்து துறைமுகம் மறுபடி இரைச்சலான வாரத்தில், கொட்டகை வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். ஸ்ட்ரைக்கரை லுங்கி முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மெஷினு முதல் படிம்மா. ரெண்டாவது படி இவ வயிறு."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிப்ரவரியில் ரிசல்ட் வந்த அன்றைக்கே, மருத்துவமனை வராண்டாவில் அவர் காது கேட்க, "என் கிட்னியக் குடுத்தா சரியாயிடுமா சார்?" என்று மகள் கேட்டிருக்கிறார். மகளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மெஷினில் ஏறினால் அடுத்த பேச்சு மகளின் கிட்னிதான் என்று அன்றைக்கே அவர் கணக்குப் போட்டுவிட்டார். இரண்டாவது படி வேண்டாம் என்றால் முதல் படியே ஏறக் கூடாது.

நாலு மாதம் ஒரே ஹாலில் படுத்து எழுந்தவர்கள். இதை ஒருவரும் மற்றவரிடம் சொல்லவில்லை. பெரியவர் அனுமதித்த பிறகு மகளிடம் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "லூசு நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

மயங்கினால் என்ன செய்வது

தம்பி வேறொரு திட்டம் வைத்திருந்தார். ரத்தத்தில் யூரியா என்ற கழிவு ஏறி அப்பா எப்படியும் ஒரு நாள் மயங்குவார், அப்போது தூக்கிக்கொண்டு போய், நாங்கள் கையெழுத்துப் போட்டு, மெஷினில் போட்டுவிடலாம். அக்காவின் முதல் கேள்விதான், கொஞ்சம் மாற்றி.

சுயநினைவும் புரிதலும் உள்ள, வயது வந்த ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம், மகனோ மகளோ போடும் கையெழுத்து அதை மாற்றாது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தந்த தீர்ப்பு இந்த உரிமையைக் கண்ணியத்தோடு வாழும் உரிமையின் பகுதியாகவே பார்க்கிறது. இதைத் தம்பியிடம் சொன்னபோது, "சட்டம் வந்து எங்கப்பாவுக்குக் கொள்ளி போடுமா மேடம்?" என்றார்.

ஆனால் 'புரிதல் உள்ள' என்பதைச் சும்மா சொல்லிவிடக் கூடாது. கழிவு ஏறினால் மூளை மந்தமாகும், மனச்சோர்விலும் ஒருவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்பார். அதனால் தெளிவாக இருந்த மூன்று வெவ்வேறு நாட்களில் மருத்துவரும் நானும் அவரிடம் கேட்டோம். விஷயம் புரிகிறதா, நினைவில் நிற்கிறதா, இதைச் செய்தால் இது, செய்யாவிட்டால் அது என்று எடை போடுகிறாரா, முடிவைத் தன் வாயால் சொல்கிறாரா? அவர் பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "அழுக்கு ரத்தத்துல தங்குது. மெஷினு வாரத்துக்கு மூணு தபா கழுவும். கழுவலன்னா தண்ணி கோத்துக்கும், மூச்சு முட்டும், போயிடுவேன். தெரியும்மா." கேரம் ஆடுகிறார், பேரனை அதட்டுகிறார், மீன் விலை விசாரிக்கிறார். சோர்வு இருந்தது, ஆனால் முடிவெடுப்பது சோர்வு இல்லை.

மயங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023 முதல் அந்த நடைமுறை எளிதாகியிருக்கிறது. இரண்டு சாட்சியோடு நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ போனால் போதும், மாஜிஸ்திரேட் தேவையில்லை. "பத்திரம் எழுத இன்னா சொத்தா கீது?" என்று சிரித்துவிட்டார். கடைசிவரை எழுதவில்லை. மகனை உட்கார வைத்து நேராகச் சொன்னார், மருத்துவர் அதை நோட்டில் பதிவு செய்தார். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. வாய்ச்சொல்லைக் காப்பாற்ற வேண்டிய பாரம் முழுக்க அந்தப் பையன் தலையில் விழுந்தது.

பன்னிரண்டில் நான்கு

கிட்னிப் பேச்சு இனி இந்த வீட்டில் இல்லை என்று மகள் பிள்ளைமேல் சத்தியம் செய்யப் போனார். பெரியவர் வாயைப் பொத்தினார். பிறகு மருத்துவர் ஒரு வழி சொன்னார். ஒரு மாதம், பன்னிரண்டு தடவை. அதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். டயாலிசிஸை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது என்றுதான் அதுவரை அவர் நினைத்திருந்தார். இதை பிப்ரவரியிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். நானே மே மாதம் சொல்லியிருக்கலாம்.

ஜூலையில் வலது கையில் ஃபிஸ்டுலா. கையை வைத்துப் பார்த்தால் குழாய்க்குள் கரகரவென்று ஓடும். பேரன் அதில் காதை வைத்து "பைக் ஓடுது தாத்தா" என்பான். ஆகஸ்ட் கடைசியில் முதல் தடவை.

இரண்டாவது தடவை மூன்றாம் மணி நேரத்தில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது, பிரஷர் இறங்கியது, வாந்தி. தாகத்துக்கு ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டார் நர்ஸ். "வாழ்நாள் பூரா இத்த ஏத்தி எறக்குனேன், ஒருநாள்கூட வாயில போட்டதில்ல" என்றாராம். மூன்றாவது தடவை பரவாயில்லை. நான்காவது முடிந்து வந்து பதினாறு மணி நேரம் தூங்கினார்.

ஐந்தாவது தடவை ஆட்டோ வந்து வாசலில் நின்றது. மகள் பையோடு கீழே இறங்கிவிட்டார். பெரியவர் படியில் உட்கார்ந்தார். "வேணாம் பாப்பா."

மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மகள் வெயிட்டிங்குக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லியிருந்ததால் இருவரும் மதியம் சேர்ந்து சாப்பிட்டார்கள். ரொம்ப மாதம் கழித்து அப்படிச் சாப்பிட்டதாக அம்மா சொன்னார்.

அவர் தொடர்ந்து போயிருந்தால் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கக்கூடும். 64 என்பது வயதே இல்லை. அந்த முடிவு சரி என்று நான் எங்கேயும் எழுத மாட்டேன். அது அவர் எடுத்த முடிவு என்று எழுத முடியும்.

கடைசி இரண்டு மாதம்

கொஞ்சம் சிறுநீர் இன்னும் போய்க்கொண்டிருந்ததால் நாள் கிடைத்தது. டயாலிசிஸ் மட்டும்தான் இல்லை, மற்ற வைத்தியம் எல்லாம் நடந்தது. நீர் இறங்க மாத்திரை, ரத்தம் ஊற ஊசி, அரிப்புக்கு மருந்து. காய்கறியை நறுக்கித் தாராளமான தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க அம்மா கற்றுக்கொண்டார். பொட்டாசியம் அந்த நீரோடு கொஞ்சம் போய்விடும். இந்த முறை மறைப்பதற்கு எதுவும் இல்லாததால் அவர் கேட்டுக் கேட்டுச் செய்தார். மூச்சு முட்டும் ராத்திரிகளில் தலையணை நாலு அடுக்கி, சின்ன ஃபேனை முகத்துக்கு நேரே வைத்தார்கள். கடைசியில் மூச்சுத் திணறலுக்கு மார்ஃபின் கொடுத்தபோது மிகக் குறைந்த அளவில், இடைவெளி விட்டு. கிட்னி போனவர் உடம்பில் அது தங்கிவிடும்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் மகள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சில ராத்திரி, சீக்கிரம் முடிஞ்சா தேவலன்னு தோணுது மேடம். நான்லாம் ஒரு பொண்ணா?" இதைச் சொல்ல அவருக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. இந்த வேலையில் இதே வாக்கியத்தைச் சொல்லாத மகளையோ மருமகளையோ நான் பார்த்ததில்லை என்றேன். நம்பாத மாதிரி பார்த்தார். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார். அந்த வாரத்திலிருந்து தம்பி வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் வந்து படுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு ராத்திரியை எடுத்துக்கொண்டார்.

நவம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு விடியற்காலையில் இறந்தார். முந்தின நாள் மதியமே நினைவு தப்பிவிட்டது. தம்பி அருகில்தான் இருந்தார். அவர் போனைக் கையில் எடுத்து, 108 வரை அழுத்திவிட்டு, கீழே வைத்ததாக மகள் சொன்னார். தம்பி அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் பக்கம் இந்தக் கோப்பு இன்னும் மூடவில்லை.

ஜனவரியில்

மீந்த மருந்துகளை வாங்கப் போயிருந்தேன். மகள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டோ நாளைப் பற்றிக் கேட்டார். கையைப் பிடித்து இழுத்திருந்தால் ஏறியிருப்பாரா? தெரியாது என்றேன். அவரும் வேறு பதிலை எதிர்பார்த்த மாதிரி இல்லை.

பேச்சுவாக்கில், அம்மாவுக்குச் சர்க்கரை 280 இருக்கிறதாம். மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அட்டை பிரிக்கப்படாமல் ஷெல்பில் இருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

மகள் டிபன் பாக்ஸை மூடி பையில் வைத்தார். "இன்னிக்கு வியாழன்தானே மேடம். ஞாயித்துக்கிழமை கேட்டுக்கறேன்."